பள்ளங்கி காட்டேஜில் கொட்டிய சால்னா: கார்பெட் கறை ‘போன பிறகும்’ திரும்பி வருவது ஏன்?

சனிக்கிழமை இரவு. கொடைக்கானல் ஏரியைச் சுற்றியிருக்கும் நெரிசலே வேண்டாம் என்று பள்ளங்கி பக்கம் காட்டேஜ் எடுத்த நண்பர்கள் குழு. வெளியே பனிமூட்டம், உள்ளே ஹீட்டர். தரையில் வட்டமாக உட்கார்ந்து பரோட்டா பார்சலைப் பிரிக்கிறார்கள். சால்னா கவரின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் இழுக்கிறார் ஒருவர். அவ்வளவுதான், பாதி சால்னா கிரீம் கலர் கார்பெட்டில்.

அடுத்து நடப்பது கிட்டத்தட்ட எல்லா அறைகளிலும் ஒன்றுதான். ஒருவர் பாத்ரூமுக்கு ஓடி, விடுதியில் கொடுத்த சின்ன சோப்பை நனைத்து எடுத்து வந்து தேய்க்கிறார். மஞ்சளாக இருந்த கறை ரத்தச் சிவப்பாக மாறுகிறது. “டேய், என்னடா பண்ணே?” என்று அலறல். கடைசியில் டீப்பாயை இழுத்துக் கறை மேல் போட்டு மூடிவிட்டு, “காலையில பாத்துக்கலாம்” என்று தூங்கப் போகிறார்கள்.

இந்தப் பத்து நிமிடத்தில் செய்யக் கூடாத மூன்றும் நடந்துவிட்டன: தேய்த்தது, சோப்பு போட்டது, மறைத்தது. மூன்றாவதுதான் ரொம்ப மோசம். ஏன் என்று கடைசியில் பார்ப்போம்.

சோப்பு போட்டதும் ஏன் சிவந்தது?

இதற்கு கெமிஸ்ட்ரி புத்தகம் தேவையில்லை. வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் சட்டென்று சிவப்பாகும். அதே சமாசாரம்தான் கார்பெட்டிலும் நடக்கிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறமி காரத்தன்மை உள்ள பொருளைத் தொட்டால் சிவக்கும். சுண்ணாம்பு காரம், குளியல் சோப்பும் காரம், யூடியூபில் எல்லாக் கறைக்கும் சிபாரிசு செய்யப்படும் ஆப்ப சோடாவும் காரம்தான்.

பயப்பட வேண்டாம், சிவந்தது புதுக் கறை இல்லை. தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரை ஒற்றினால் திரும்ப மஞ்சளுக்கு வந்துவிடும். கறை போகாது, நிறம் மட்டும்தான் பழையபடி ஆகும். ஆனால் ஒரு தகவல் கிடைக்கிறது: அங்கே இருப்பது மஞ்சள்.

குர்குமினிடம் இன்னொரு பிடிவாதம் உண்டு. அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சால்னாவோ, மீன் குழம்போ, பிரியாணியோ, மஞ்சள் எப்போதும் எண்ணெயோடு சேர்ந்துதான் வருகிறது. அதனால் வெறும் தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் கறை கரையாது, பரவும். முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். அப்புறம்தான் நிறத்தை எடுக்க முடியும். வரிசை மாறினால் வேலை கெட்டது.

மலையில் மட்டும் ஏன் இது பெரிய தலைவலி?

சென்னையிலோ மதுரையிலோ பெரும்பாலான வீடுகளில் சுவருக்குச் சுவர் கார்பெட் கிடையாது. டைல்ஸ், மொசைக், அதற்கு மேல் விசேஷ நாளில் ஒரு ஜமுக்காளம். கொட்டினால் துடைப்போம், ஜமுக்காளத்தைத் துவைத்துக் கொடியில் போடுவோம். கதை முடிந்தது.

கொடைக்கானல் அப்படியில்லை. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து மேலே ஏறி வீடு கட்டிக்கொண்ட காலத்திலிருந்தே இது குளிருக்கான ஊர். கணப்பு, மரத்தரை, தரைவிரிப்பு எல்லாம் இங்கே அலங்காரம் இல்லை, தேவை. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில் டிசம்பர் காலையில் வெறும் டைல்ஸில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் வில்பட்டி, பள்ளங்கி பக்கம் காட்டேஜ்களும் ஹோம்ஸ்டேக்களும் வந்தபோது, அறைக்குள் கார்பெட்டும் சேர்ந்தே வந்தது.

பிரச்சினை கார்பெட் அழுக்காவது இல்லை. அழுக்கானால் காயவைக்க முடியாது என்பதுதான். கழற்றி வெயிலில் போட முடியாதபடி அது தரையோடு ஒட்டியிருக்கும். கழற்ற முடிந்தாலும் வெயில் வர வேண்டுமே? மூட்டம் இறங்கிய நாளில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. கொடியில் போட்ட டவல் மூன்று நாள் ஆனாலும் சில்லென்று இருக்கும் ஊர் இது. ஈரமான எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட வேண்டும், தாண்டினால் பூஞ்சை வரும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல். மழைக்காலக் கொடைக்கானலில் அந்த 48 மணி நேரம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ‘ரூமுக்குள்ள ஏதோ ஸ்மெல்’ என்று விருந்தினர் எழுதும் ரிவ்யூவுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது அழுக்கு அல்ல, யாரோ தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிய கறை.

அதனால் மலையில் கறை எடுப்பதற்கு முதல் விதி: எவ்வளவு குறைந்த தண்ணீரில் முடியுமோ அவ்வளவில் முடிக்கணும்.

முதல் பத்து நிமிடம் என்ன செய்யணும்?

கெட்டியாகக் கிடப்பதை ஸ்பூனால் வழித்து எடுங்கள். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. நடுவிலிருந்து வெளியே இழுத்தால் உள்ளங்கை அளவுக் கறை தட்டு அளவாகிவிடும்.

பிறகு வெள்ளைத் துணி. வெள்ளை என்பது முக்கியம். கலர் துணியின் சாயம் ஈரத்தில் இறங்கிக் கார்பெட்டில் ஏறினால் ஒன்று இரண்டாகும். அச்சடித்த டிஷ்யூவும் வேண்டாம். துணியை மடித்துக் கறை மேல் வைத்து உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். எடுங்கள், சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள், மறுபடி அழுத்துங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் புதிதாகக் கொட்டியதில் பெரும்பகுதி இப்படியே வந்துவிடும்.

தேய்த்தால் என்ன ஆகும்? கார்பெட்டின் இழைகள் முறுக்கி நிற்கின்றன. தேய்க்கத் தேய்க்க முறுக்கு பிரிந்து நுனி பஞ்சுபோல் ஆகிவிடும். கறையே முழுசாகப் போனாலும் அந்த இடம் மட்டும் வெளிச்சத்தில் வேறு மாதிரித் தெரியும். அதற்கு மருந்து கிடையாது.

உங்கள் காலடியில் இருப்பது என்ன இழை?

கறை எடுக்கும் திரவத்தைத் தேர்ந்தெடுப்பது கறையைப் பார்த்து மட்டும் இல்லை, இழையைப் பார்த்தும்தான். கம்பளி ஒரு புரதம், நம் தலைமுடி மாதிரி. காரம் அதற்கு ஆகாது. குளோரின் பிளீச் பட்டால் மஞ்சளாகும், அதிகமானால் இழையே கரைந்துபோகும். ‘என்சைம்’ என்று போட்ட டிடர்ஜென்ட்களும் கம்பளிக்கு வேண்டாம். புரதக் கறையைத் தின்ன வைத்த என்சைமுக்குக் கம்பளியும் புரதம்தான், ஆள் பார்க்காது. நைலான், பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை இழைகள் இதைவிடத் தாங்கும். ஆனால் சூடு அவற்றுக்கு எதிரி.

லேபிள் கிழிந்துபோயிருந்தால் ஒரு பழைய சோதனை உண்டு. ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையைப் பிய்த்து, வாஷ்பேசினுக்கு மேல் இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, தானே அணைந்து, விரலில் பொடியும் சாம்பலானால் கம்பளி. காகிதம் மாதிரி எரிந்தால் பருத்தி அல்லது சணல். உருகிக் கெட்டியான குண்டுமணி மாதிரி ஆனால் செயற்கை இழை. இதைக் கார்பெட் மேலேயே செய்து பார்க்க வேண்டாம், ப்ளீஸ்.

நம் ஊர் பவானி ஜமுக்காளம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்த விரிப்பு பாரம்பரியமாகத் தடித்த பருத்தி நூலில் நெய்யப்படுவது. பருத்தி தண்ணீரையும் காரத்தையும் தாங்கும். சாயம்தான் தாங்குமா என்று பார்க்கணும். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு கலர் பட்டையிலும் அழுத்தி எடுங்கள். துணியில் கலர் ஏறினால் அதை வாளியில் ஊறப்போடாதீர்கள்.

எந்தத் திரவமானாலும் சோஃபாவுக்குப் பின்னால், கதவு மூலையில் என்று கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்த பிறகே கறைக்கு வாருங்கள்.

சரி, சால்னாவை எப்படி எடுப்பது?

வழித்து, ஒற்றி முடித்ததும் கறை மேல் கார்ன் ஃப்ளார் அல்லது டால்கம் பவுடரைத் தாராளமாகத் தூவி இருபது நிமிடம் விடுங்கள். எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். பிறகு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், இல்லையென்றால் மென்மையான பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள்.

அடுத்து பாத்திரம் கழுவும் லிக்விட். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் போதும். “இன்னும் கொஞ்சம் போட்டா நல்லாப் போகும்ல?” என்று தோன்றும். போகாது, அதன் கதை கீழே வருகிறது. துணியை அதில் நனைத்து, பிழிந்து, ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சோப்பை எடுங்கள், காய்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். இதை நாலைந்து முறை செய்தால் எண்ணெய்ப் பசை போய்விடும். மஞ்சள் நிழல் மட்டும் மிச்சமிருக்கும்.

அந்த நிழலுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவக் கொடுப்பதுதான். பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊரில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல் கிடைக்கும், ‘20 வால்யூம்’ என்றும் போட்டிருக்கும். அதே அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். அடர் நிறக் கார்பெட்டை இது வெளுக்கக்கூடும், அதனால் மூலைச் சோதனை கட்டாயம். துணியில் நனைத்து ஒற்றி, அரை மணி நேரம் விட்டு, தண்ணீரால் ஒற்றி எடுங்கள். சற்று முன் வினிகர் பயன்படுத்தியிருந்தால் அதைத் தண்ணீரால் எடுத்துவிட்டுத்தான் பெராக்சைடு. இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்து வைத்தால் கண்ணையும் தோலையும் எரிக்கும் பெராசிடிக் அமிலம் உருவாகும்.

மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமினின் பெரிய பலவீனம் வெளிச்சம். வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் கொடியில் காயக் காய வெளுப்பது இதனால்தான். ஒட்டிய கார்பெட் என்றால் ஜன்னல் திரையை விலக்கி வையுங்கள். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சமும் வேலை செய்யும், மெதுவாக. இரண்டு மூன்று நாளில் வித்தியாசம் தெரியும்.

நடுவில் ஒரு வைரல் வீடியோவைப் பற்றி: வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்த்து ஊற்றினால் புஸ்ஸென்று பொங்கும், பார்க்க நன்றாக இருக்கும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று காலி செய்துகொண்டு, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றும் மிஞ்சும். பொங்குவது ரீல்ஸுக்கு நல்லது, கறைக்கு அல்ல.

போன கறை மறுநாள் எப்படி வந்தது?

ராத்திரி சுத்தமாக இருந்தது. காலையில் அதே இடத்தில் அதே கறை, கொஞ்சம் பெரிதாக. “யாரோ திரும்பக் கொட்டிட்டாங்க” என்று வேலை செய்பவரைச் சந்தேகப்படும் முன் இதைக் கேளுங்கள்.

கார்பெட் என்பது ஒரே தளம் கிடையாது. மேலே தெரியும் இழை, அது குத்தப்பட்ட துணி, அதை ஒட்டும் லேட்டெக்ஸ் பசை, அடியில் இன்னொரு துணி, அதற்கும் கீழே பல இடங்களில் ஸ்பாஞ்ச். கொட்டியது இவ்வளவுக்கும் உள்ளே இறங்குகிறது. நாம் துடைப்பது மேல் அரை அங்குலத்தை மட்டும். கார்பெட் காயும்போது ஈரம் மேல்நோக்கித்தான் ஏறும், இழையின் நுனியில்தான் ஆவியாகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலவே, அடியில் தங்கிய கறை தண்ணீரோடு சேர்ந்து நுனிக்கு வருகிறது. தண்ணீர் போய்விடும், கறை நின்றுவிடும்.

வெயில் ஊரில் கார்பெட் வேகமாகக் காய்வதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. மூட்டம் போட்ட பள்ளங்கியில் அது காய ஒரு பகல், ஒரு இரவு எடுத்தால், கறைக்கு மேலே ஏற அத்தனை நேரமும் கிடைக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்களோ அவ்வளவு நல்ல லிஃப்ட் கொடுத்திருக்கிறீர்கள்.

தீர்வு, கறையை ஏற விடுவதுதான். ஆனால் இழையில் நிற்கவிடாமல் அதற்கு மேலே உள்ள துணிக்கு ஏறவிடணும். வேலை முடிந்ததும் நாலைந்து வெள்ளை டவல்களை மடித்து அந்த ஈரமான இடத்தின் மேல் வையுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதற்கு மேல் கனமான எதாவது: தண்ணீர் கேன், புத்தகக் கட்டு. ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் டவலின் அடிப்பக்கம் மஞ்சளாக இருந்தால், அது கார்பெட்டில் திரும்பி வர வேண்டிய கறை.

சில நேரம் திரும்பி வருவது பழைய கறையே அல்ல. கார்பெட்டின் அடித்துணி சணலாக இருந்து அதிகம் நனைந்துவிட்டால், சணலிலிருந்து பழுப்பு நிறம் ஊறி மேலே வரும். டீ கொட்டிய மாதிரி இருக்கும். ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து ஒற்றினால் இது மட்டுப்படும்.

இன்னொன்று, இரண்டு வாரம் கழித்து அதே இடம் கறுப்பாவது. அது சோப்பு. அளவுக்கு மேல் போட்ட டிடர்ஜென்ட் இழையில் பிசுபிசுப்பாகக் காய்ந்து, நடப்பவர் கால் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. மறுபடி சோப்பு போட்டால் மறுபடி கறுக்கும். வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் நுரை நிற்கும்வரை ஒற்றி எடுப்பதே வழி. கால் டீஸ்பூன் கணக்கு இதற்காகத்தான்.

காயவைக்க அடுப்பு வைக்கலாமா?

கூடவே கூடாது. ஈரக் கார்பெட்டைக் காயவைக்கவோ குளிருக்காகவோ கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வரும் பழக்கம் உயிரை எடுக்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொடைக்கானலில் விடுதி அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் உயிரிழந்தது 2024-ல் செய்தியானது.

ஃபேனை நேராகக் கறைப் பக்கம் திருப்புங்கள். எலெக்ட்ரிக் ஹீட்டர் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஹீட்டரால் ஈரம் ஆவியாகும், அந்த ஆவி வெளியே போக வழி வேண்டும். எல்லாம் மூடியிருந்தால் அது ஜன்னல் கண்ணாடியில் வியர்த்து மறுபடி உள்ளேயேதான் இறங்கும். வெளியே அடர் மூட்டம் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு, மூட்டம் விலகும் நேரம் பார்த்துத் திறங்கள்.

அட்டை, சாக்லேட், யூகலிப்டஸ்: கொடைக்கானலுக்கே உரிய கறைகள்

மழைக்காலத்தில் சோலைக்காட்டு ஓரம் நடந்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினால்தான் அட்டை கடித்ததே தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால், அது விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தம் கசியும். அந்தக் காலோடு கார்பெட்டில் நடப்போம். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். கீசர் தண்ணீர் பட்டால் ரத்தத்தின் புரதம் முட்டை வேகுவது மாதிரி இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி, பிறகு 3 சதவீத பெராக்சைடு. நுரைத்துப் பொங்கும். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடை உடைப்பதால் வரும் நுரை அது.

ஹோம்மேட் சாக்லேட் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். பிளாஸ்டிக் கவரில் ஐஸ் போட்டு மேலே வைத்து இறுக வைத்து, உடைத்து எடுங்கள். அப்புறம் டிஷ்வாஷ். காபி, டீ என்றால் பார் சோப்பு வேண்டாம், டானின் கறையை அது இறுக்கிவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட், பிறகு தண்ணீர் கலந்த வினிகர். பால் சேர்த்த காபி என்றால் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும்.

தோட்டத்துச் சேறு மட்டும் விதிவிலக்கு. அதைப் பார்த்ததும் துடைக்கத் தோன்றும், துடைக்காதீர்கள். முழுசாகக் காயட்டும். காய்ந்ததை உதிர்த்து வாக்குவம் செய்தால் முக்கால்வாசி போய்விடும். கணப்புச் சாம்பலும் கரித்தூளும் அப்படித்தான், ஈரம் பட்டால் அது மை.

கொடைக்கானல் போனவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம் இருக்கும். அதில் உள்ள சினியோல் நல்ல கரைப்பான். ஒட்டிக்கொண்ட சூயிங்கம், ஸ்டிக்கர் பசைக்கு ஐஸ் வைத்துப் பெயர்த்த பிறகு துணியில் சில சொட்டுத் தைலம் விட்டு ஒற்றினால் மிச்சமும் வரும். நேரடியாக ஊற்றினால் லேட்டெக்ஸ் பசை இளகிக் கார்பெட் அடியிலிருந்து பிரியலாம். தைலம் தீப்பிடிக்கும், கணப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். குழந்தை குடித்துவிட்டால் விஷம், மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள்.

ஆபத்து கறையில் இல்லை, பக்கெட்டில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை ஷேர் செய்வதானால் இதைச் செய்யுங்கள். கறை போகவில்லை என்றால் ‘ஸ்ட்ராங்கா ஏதாவது’ தேடுவோம். பாத்ரூமில் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்று பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். இன்னொன்று டாய்லெட் கிளீனர், பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரில் போர்க்களத்தில் பயன்படுத்தப்பட்ட அதே வாயு. வினிகரோடு பிளீச் சேர்ந்தாலும் குளோரின் வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்ந்தால் குளோரமின், அதுவும் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

வேண்டுமென்றே கலக்கத் தேவையில்லை. காலையில் கழிவறைக்குப் பயன்படுத்திய பக்கெட்டின் அடியில் மிச்சம் இருந்தாலே போதும். குளோரின் காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனம். தரையோடு தங்கும். கார்பெட் கறையை எடுப்பவர் எங்கே இருக்கிறார்? தரையில், மண்டியிட்டு, முகத்தைக் கறைக்கு மேல் வைத்துக்கொண்டு. குளிருக்காக ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும் அறையில்.

பெரும்பாலும் அது சுற்றுலா வந்தவர் இல்லை. அடுத்த பார்ட்டி செக்-இன் வருவதற்குள் அறையை முடிக்க வேண்டிய ஹவுஸ்கீப்பிங் அக்கா. பாட்டிலில் எழுதியிருப்பது ஆங்கிலத்தில். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை, பிளீச்சுக்கு ஒரு கலர் பக்கெட், அமிலத்துக்கு வேறு கலர் பக்கெட் வைத்து, பாட்டில் மேல் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது. கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ எதையும் கழுவ நிற்காமல் வெளியே வந்து நல்ல காற்றுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108.

கண்ணுக்கே தெரியாத கறை

கொடைக்கானல் என்றதும் நினைவுக்கு வரும் ஒரு உலோகம் உண்டு. பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களில் இங்கே தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு, 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான்.

அந்தக் காலக் கண்ணாடித் தெர்மாமீட்டர் இன்னும் பல வீட்டு மருந்து டப்பாக்களில் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல், உதறும்போது கை நழுவி கார்பெட்டில் உடைந்தால்? இழைகளுக்கு நடுவே வெள்ளி மணிகள் உருண்டு காணாமல் போகும். கறையே தெரியாது. ஆனால் அறை வெப்பத்திலேயே பாதரசம் ஆவியாகிக்கொண்டிருக்கும். வாக்குவம் போடக் கூடாது, போட்டால் ஆவியை அறை முழுக்க நீங்களே ஊதிவிடுவீர்கள். துடைப்பமும் வேண்டாம், மணிகள் இன்னும் சின்னதாகும். குழந்தைகளையும் நாய் பூனைகளையும் வெளியே அனுப்பி, ஹீட்டரை அணைத்து, ஜன்னலைத் திறங்கள். அந்தக் கார்பெட் பகுதியை வெட்டி எடுத்து, இரட்டை பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டுங்கள். உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். சாதாரணக் குப்பையோடு போடாமல் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கார்பெட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

டீப்பாயை நகர்த்தியது ஏன் தவறு?

மறுபடி பள்ளங்கி அறைக்கு வருவோம். கறையை மறைத்துவிட்டுப் பதினொரு மணிக்குச் செக்-அவுட் செய்து கிளம்பினால், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்தச் சால்னா இழையில் ஊறியிருக்கும். ஹீட்டர் சூடு வேறு. மதியம் டீப்பாயை நகர்த்தும்போது அதைப் பார்ப்பவர் அறையைச் சுத்தம் செய்பவர். “நீ சரியா பாக்கலையா?” என்ற கேள்வியும் அவரிடம்தான் வரும். நண்பர்களிடமிருந்து டெபாசிட்டில் பிடித்தால்கூட ஒரு வார இறுதிச் செலவோடு போகும்.

சங்கடமாக இருந்தாலும் ராத்திரியே கேர்டேக்கருக்கு ஒரு போன் போடுவது எல்லாருக்கும் லாபம். “அண்ணே, சாரி, குழம்பு கொட்டிடுச்சு, வெள்ளைத் துணியும் பாத்திரம் கழுவுற லிக்விடும் இருக்குமா?” என்று கேட்டால் பெரும்பாலும் அவரே வந்துவிடுவார். இந்த மாதிரி நூறு கறை பார்த்தவர் அவர். சோப்பு ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், பிளீச் ஊற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அவர் அடுத்து எதை ஊற்றுவார் என்பது உங்களுக்குத் தெரியாது.

எல்லாம் செய்தும் போகாத கறை உண்டு. பல மாதம் பழசான மஞ்சள், பிளீச் பட்டு வெளுத்த இடம், இஸ்திரிப் பெட்டி வைத்து உருகிய நைலான். வெளுத்த இடத்தில் கறையே இல்லை, அங்கே போனது கார்பெட்டின் சொந்தச் சாயம். அதற்கு மொத்தக் கார்பெட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பழுதான பகுதியைச் சதுரமாகக் கூர்மையான கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, சுவர் அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ மறைவாக இருக்கும் இடத்திலிருந்து அதே அளவுத் துண்டை வெட்டி, இழை சாயும் திசை பார்த்து ஒட்டலாம். கையால் ஒரு பக்கம் தடவினால் படியும், எதிர்ப்பக்கம் தடவினால் நிமிரும், அதுதான் திசை. அதைக் கவனிக்காமல் ஒட்டினால், ஒரே கார்பெட்டிலிருந்து வெட்டிய துண்டும் வேறு கலர் மாதிரித்தான் தெரியும்.